பழைய தேக்கு மரத் துண்டுகளும் வீட்டுக் கணக்கேடுகளும்: செட்டிநாட்டு அன்பர்களின் உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மர வளையங்களைக் கொண்டு பழங்கால மழையளவை அறியும் முயற்சியில் ஈடுபட்டிருக்கிறேன். காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் குடும்பத்தாரிடமும், மரவாடி நடத்தும் ஐயாமார்களிடமும் ஓர் உதவி வேண்டுகிறேன்.

வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. தேக்கு, வறண்ட காலத்தில் இலையுதிர்த்து மழையில் மீண்டும் வளர்வதால், அதில் வளையங்களைப் பிரித்து எண்ண முடிகிறது. மழை குறைந்த ஆண்டின் வளையம் பெரும்பாலும் குறுகியிருக்கும். தாது வருடப் பஞ்சத்தின்போது, 1876 முதல் 1878 வரை, நிலவிய வறட்சியின் தடம் ஆசிய மரங்கள் பலவற்றில் காணப்படுகிறது. நம் வீட்டு வளவுகளில் (உள்முற்றங்களில்) நிற்கும் தூண்களில் பல பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை என்பதால், அவை சொல்வது செட்டிநாட்டு மழையை அன்று, பர்மாக் காடுகளின் பருவமழையை. அந்தக் காடுகளின் முதுமரங்கள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டதால்தான் இத்தூண்கள் எனக்கு இவ்வளவு அரியவையாகத் தோன்றுகின்றன.

நிற்கும் தூண் எதையும் அறுக்க வேண்டாம். கழித்துப்போடும் உத்திரம், விட்டம் ஆகியவற்றின் குறுக்குவெட்டுத் துண்டு ஒரு சாண் கனம் இருந்தால் போதும். இழைப்புளி படாமல், வைரத்தை, அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பகுதியை, சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியும் சேர்ந்திருந்தால் மிக நன்று. மரம் வெட்டிய ஆண்டை நெருங்க அந்த விளிம்பே வழி என்பதாலும், கடைசல் பிடித்த தூண்களில் அது கழிந்துவிடுவதாலும், சமையற்கட்டிலோ பின்கட்டிலோ உள்ள முரட்டு மரங்களையே முதலில் பார்க்க விரும்புகிறேன். மரம் வாங்கிய ஆண்டு எழுதிய கணக்கேடு எந்த வீட்டிலாவது இருந்தால், அந்தப் பக்கத்தின் படம் ஒன்றையும் இங்கே பகிருமாறு வேண்டுகிறேன்.