டிராக், ரூட் இரண்டுக்கும் ‘பாதை’ போதாது: சுவடு, வழித்தடம், கையிருப்பு வரைபடம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நடை, ஓட்டம், சைக்கிள் பயணம் இவற்றை ஜிபிஎஸ் வைத்துப் பதியும் செயலிகளைத் தமிழாக்க நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலையும், அதன் மேல் நண்பர்கள் எழுதிய கருத்துகளையும் இரண்டு முறை படித்தேன். கருத்துகளை மேற்கோளாகக் கொடுத்துப் பதில் சொல்கிறேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டிராக் (நடந்து பதிவானது), ரூட் (போகத் திட்டமிட்டது) இரண்டுக்கும் ‘பாதை’ என்றே போட்டிருப்பதை அப்படியே விடக் கூடாது.

> பயனருக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? இரண்டும் திரையில் ஒரு கோடுதானே.

கோடுதான் ஐயா. அந்தக் கோட்டால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். மாசிப் பௌர்ணமிக்கு மாமாவும் நானும் பர்வதமலை ஏறினோம். தென்மாதிமங்கலத்திலிருந்து ஒரு வழி, கடலாடியிலிருந்து ஒரு வழி. மேலே போகப் போக இரண்டும் சேர்ந்துவிடும். ஏற வேண்டிய வழியை முந்தின நாளே மாமாவின் போனில் ஏற்றி வைத்தேன். நடக்க நடக்க, நடந்ததும் கூடவே பதிவானது. கடப்பாறை நெட்டில் சங்கிலியைப் பிடித்து ஏறி, உச்சியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் போனை எடுத்தார். ஏற்றி வைத்த வழி நீலக் கோடு, நடந்தது சிவப்புக் கோடு. ஏறியாகிவிட்டதே, நீலம் இனி எதற்கு என்று ‘பாதையை நீக்கு’ என்பதை அழுத்தினார். போனது சிவப்பு. நாலு மணி நேர ஏற்றம், எங்கே உட்கார்ந்தோம், எவ்வளவு உயரம் ஏறினோம், எல்லாம் போயிற்று. “தமிழில்தானே போட்டிருந்தது, படித்துத்தானே அழுத்தினேன்” என்றார். அவர்மேல் என்ன பிழை? அந்த மெனுவில் ‘பாதையை நீக்கு’ இரண்டு இடத்தில் இருந்தது.

இந்தச் செயலிகள் பரிமாறிக்கொள்ளும் ஜிபிஎக்ஸ் கோப்பும் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. 2002இல் வந்த வடிவம் அது. இன்று புழங்கும் 1.1 பதிப்பு 2004இல் வந்தது. ரூட் என்றால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வரிசையாக வைத்த புள்ளிகள். டிராக் என்றால் கடந்து வந்த புள்ளிகள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் இத்தனை மணிக்கு என்ற நேரத்தோடு. வழியில் சிக்னல் விட்டுப்போனாலோ கருவியை அணைத்துப் போட்டாலோ டிராக் அங்கே அறுந்து புதிய துண்டு தொடங்கும். ரூட்டுக்கு அந்தக் கதையே இல்லை. ஒன்று நாளைக்கு, ஒன்று நேற்றைக்கு.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதுமில்லை. பேருந்துக்கு ‘வழித்தடம் எண்’ என்று எழுதுகிறோம். வண்டி பழுதாகி டிப்போவில் நின்றாலும் வழித்தடம் இருக்கும். ஆனால் ஆள் நடக்காமல் சுவடு விழாது. எனவே ரூட் = வழித்தடம், டிராக் = சுவடு என்பது என் பரிந்துரை.

> ‘தடம்’ போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான். எனக்கும் முதலில் அதுவே தோன்றியது. தடையே அதன் பரந்த பொருள்தான். கால்தடம் நேற்றையது, வழித்தடம் நாளையது; ரயில் தடம் புரள்கிறது; பாட்டுப் பதிவில் ஒலித்தடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பார்க்கும் சொல்லை வைத்தால் மாமாவின் குழப்பம் திரும்ப வரும். சுவடு பின்பக்கம் மட்டுமே பார்க்கும். ‘வந்த சுவடு தெரியாமல் போனான்’ என்கிறோம். இனிமேல் போகப்போகும் சுவடு என்று யாரும் சொல்வதில்லை.

சுவடிக்கும் சுவடுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு, சின்னத் திரையில் கண் ஏமாறும் என்ற கவலை சரியானது. பன்மையில் சுவடுகள், சுவடிகள் என்று வரும்போது இன்னும் நெருங்கும். ஆனால் மெனுவில் இது பெரும்பாலும் உருபேற்றுத்தான் வரப்போகிறது: ‘சுவட்டைச் சேமி’, ‘சுவட்டைப் பகிர்’, ‘சுவட்டுக் கோப்பு’. சுவடி ‘சுவடியை’ என்று நிற்கும். சுவடு ‘சுவட்டை’ என்று இரட்டித்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: நிரலில் பெயர்ச்சொல்லைத் தனியே வைத்துக்கொண்டு பின்னால் ‘ஐ’ ஒட்டும் வேலை ஆகாது, ‘சுவடுஐ’ என்று வந்து நிற்கும். முழுத் தொடராகவே மொழிபெயர்க்க வேண்டும்.

போன வாரம் ஒரு தாளில் ‘சுவட்டை நீக்கு’, ‘வழித்தடத்தை நீக்கு’ என்று எழுதி, ஒன்றும் விளக்காமல் மாமாவிடம் நீட்டினேன். “இது நான் நடந்தது, இது நீ போட்டுக் கொடுத்தது” என்று விரல் வைத்துச் சொன்னார்.

அடுத்து, ஆஃப்லைன் மேப், அதாவது நெட் இல்லாதபோதும் திறக்கும் வரைபடம்.

> அகல்நிலை வரைபடம் என்றால் நிகழ்நிலைக்கு இணையாக இருக்கும்.

இலங்கையில் ஆன்லைனுக்கு ‘நிகழ்நிலை’ சட்டத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது, 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அதை மதிக்கிறேன் தோழி. ஆனால் இங்கே சொல்ல வேண்டியது இணைப்பின் நிலையை அல்ல. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் சிக்னல் கிடைத்தால் போன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இணையம் இருந்தால் அந்தக் கோள்களின் இருப்பிட விவரம் சட்டென்று வரும்; இல்லையென்றால் அதையும் வானத்திலிருந்தே வாங்க ஏறக்குறைய அரை நிமிடம் கூடும், அவ்வளவுதான். நெட் இல்லாத மலையில் இல்லாமல் போவது வரைபடம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் போன்ற வரைபடச் செயலிகள், பலரும் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவைப் பகுதி பகுதியாக முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது அதனால்தான். ‘இல்லா’, ‘அறு’, ‘அகல்’ என்று இல்லாததைச் சொல்லும் சொல்லைவிட, கையில் இருப்பதைச் சொல்லும் சொல் மேல். கையிருப்பு வரைபடம்.

கடைக்காரர், ரேஷன் கடைப் பலகை, வீட்டுக் கணக்கு எல்லாவற்றிலும் புழங்கும் சொல். ‘தமிழ்நாடு: கையிருப்பில் உள்ளது’, ‘கையிருப்பு பழையது, புதுப்பிக்கவும்’ என்று எழுதிப் பாருங்கள், தானாக உட்காரும். ‘சேமித்த வரைபடம்’ வேண்டாம். சேமி என்பதை வேறு பொத்தானுக்குக் கொடுத்துவிட்டோம். நாலடியாரில் வழிக்குக் கட்டிக்கொள்ளும் சோற்றுக்குத் ‘தோட்கோப்பு’ என்றொரு சொல் இருக்கிறது. தோளில் தொங்கும் கோப்பு! மெனுவுக்கு ஆகாது, விளக்கம் வேண்டும். ஆனால் இறக்கி வைத்த வரைபடக் கோப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

டிராக்கிங் என்பதற்குக் ‘கண்காணிப்பு’ என்று போட்டிருப்பதை உடனே எடுத்துவிடுங்கள். கண்காணிப்பு ஒருவர் மற்றவர் மேல் செய்வது. நடையைப் பதியும் ஓபன்டிராக்ஸ் இணைய அனுமதியே கேட்காத செயலி. அதைத் திறந்ததும் ‘கண்காணிப்பு தொடங்கியது’ என்று வந்தால் எங்கள் அத்தை போனையே தூக்கிப் போட்டுவிடுவார். ‘சுவடு பதிகிறது’ போதும். அப்புறம் ‘பதிவைத் தொடங்கு’ என்பதும் கணக்குத் திறக்கச் சொல்வது போல இருக்கிறது. ‘சுவடு பதியத் தொடங்கு’ என்று சொல்லிவிடலாம்.

வேபாயிண்டுக்கு, அதாவது வரைபடத்தில் நாம் குறித்து வைக்கும் இடத்துக்கு, ‘வழிப்புள்ளி’ வேண்டாம். அந்தப் புள்ளி வழியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தள்ளியிருக்கும் சுனையையும் குறித்துக்கொள்வோம். ‘குறியிடம்’ சரி. அகத்திணையில் தலைவனும் தலைவியும் சந்திக்க முன்பே குறித்துக்கொண்ட இடம் அது. அந்தப் பொருள் இங்கேயும் பொருந்துகிறது.

ஆக்டிவிட்டிக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. ‘செயல்பாடு’ என்றால் செயலி வேலை செய்வது போல ஒலிக்கிறது. ‘உடற்பயிற்சி’ என்றால் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவரும் வயல் வரப்பில் நடந்துவிட்டு வருகிறவரும் வெளியே நின்றுவிடுகிறார்கள். நடை, ஓட்டம், மிதிவண்டி மூன்றுக்கும் பொதுவாக உங்கள் ஊரில் ஏதாவது சொல் புழங்கினால் எழுதுங்கள். யாழ்ப்பாணம், மலேசியா நண்பர்களிடமும் கேட்கிறேன். அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

அன்புடன்