வால்பாறை சிங்கவால் குரங்கு: முகம் மட்டும் கறுப்புத் திட்டாக விழுகிறது, என்ன செய்யலாம்?

சாரல்:
நண்பர்களே, போன வாரம் வால்பாறை போயிருந்தேன். அங்குள்ள புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சாலையோரப் பலாமரத்தில் ஒரு கூட்டம் கிடைத்தது. காலை 11 மணி, வானம் முழுக்க வெள்ளை மேகம். 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ், அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 5.6, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400. கேமரா ஷட்டர் வேகம் 1/640 விநாடி கொடுத்தது. வானம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது, குரங்கு கரித்துண்டு மாதிரி. ஒன்றில்கூடக் கண் தெரியவில்லை. நண்பர் சொன்னார் என்று ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) வைத்து முகத்தைக் குறிபார்த்தேன். ஷட்டர் 1/40-க்கு இறங்கி, படமும் ஆடி, ரோமம் சாம்பலாகி, பிடரி வெளுத்துப் போனது. அடுத்த மாதம் மறுபடி போகிறேன். ஃபிளாஷ் போட மனமில்லை. எங்கே தவறுகிறேன்?

பழைய லென்ஸ்:
தவறு உங்களுடையது மட்டும் இல்லை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வானத்தைப் பார்த்தபோது இருட்டாக்கியது, கறுப்பு ரோமத்தைப் பார்த்தபோது வெளுக்க வைத்தது. நீங்கள் கொடுத்த இரண்டு அளவுக்கும் 4 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). சரியான அளவு நடுவில், 1/160 பக்கம் இருந்திருக்கும். ஐஎஸ்ஓவை 1600 ஆக்கியிருந்தால் அதே வெளிச்சத்தில் 1/640 கிடைத்திருக்கும், ஆட்டமும் இருந்திருக்காது.

அடுத்த முறை மேனுவலில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) வையுங்கள். குரங்கு இருக்கும் அதே நிழலில் ஒரு பச்சை இலையை ஸ்பாட்டில் அளந்து, அந்த அளவிலேயே எடுங்கள். இலைப்பச்சை ஏறக்குறைய நடுத்தரச் சாம்பலுக்குச் சமம். வெயிலில் மினுங்கும் இலையை மட்டும் அளக்காதீர்கள். பிறகு திரையில் பெரிதாக்கிப் பிடரியைப் பாருங்கள். வெள்ளி முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அது கரைந்திருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.

தேயிலைச்சரிவு:
அவர் சொன்னது சரிதான். ஆனால் வெள்ளை வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு எந்த செட்டிங்கும் அழகாக வராது. நான் முதலில் இடத்தை மாற்றுவேன். அங்கே சாலைக்குக் கீழே சரிவில் நிற்கும் மரங்களின் உச்சி நம் கண் மட்டத்துக்கு வரும். அதில் உட்கார்ந்திருக்கும் குரங்குக்குப் பின்னால் வானம் போய்த் தேயிலைப் பச்சை வந்துவிடும். நேரமும் முக்கியம். காலை ஏழரை, எட்டு மணிக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வந்து கண்ணில் ஒரு புள்ளி ஒளி விழும். மூடுபனி இருந்தாலும் கலங்க வேண்டாம், கறுப்பு ரோமத்துக்கு அந்த மெல்லிய வெளிச்சம் ரொம்ப நல்லது.

சாரல்:
நன்றி, இரண்டு பேருக்கும். இன்று வேப்பமரத்தடியில் படுத்திருந்த பக்கத்து வீட்டுக் கறுப்பு நாயை வைத்துச் செய்து பார்த்தேன். இலையை அளந்து, ஐஎஸ்ஓ 1600. மூக்கின் ஈரம் வரைக்கும் தெரிகிறது! நிழலில் மட்டும் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

பழைய லென்ஸ்:
அந்தப் புள்ளிகள் பரவாயில்லை. ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுத்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கினால்தான் அதிகமாகும்.

தேயிலைச்சரிவு:
ஒரு வேண்டுகோள். கிட்டே வரவைக்க வாழைப்பழம் நீட்டாதீர்கள், யாராவது நீட்டினாலும் தடுங்கள். தீனிக்காகச் சாலையில் இறங்கிப் பழகியவை வண்டியில் அடிபடுகின்றன. 250 லென்ஸே அங்கே போதும், அவை தாமாகவே பக்கத்தில் வந்து உட்காரும்.