2 லட்சத்துக்குள் தினமும் கல்லூரிக்குப் போய்வர ஒரு பழைய கார்: மூன்று பார்த்திருக்கிறேன், எதை எடுக்கலாம்?

பொள்ளாச்சி_இசிஇ

எல்லோருக்கும் வணக்கம். வீடு பொள்ளாச்சி, கல்லூரி மலுமிச்சம்பட்டி பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருடம் சேர்ந்தவன். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது. இதுவரை அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் போய்க்கொண்டிருந்தேன். இந்த வருடம் தங்கையும் கிணத்துக்கடவு தாண்டி ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். லேப் இருக்கும் நாட்களில் இருவரும் வீடு திரும்ப ஏழரை ஆகிவிடுகிறது. தேங்காய் லாரியும் கேரளா லாரியும் ஓடுகிற ரோட்டில், இருட்டில், பைக்கில் அவளை வைத்துக்கொண்டு வருவது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "பழைய காரு ஒண்ணு பாரு, ரெண்டு ரூபாய்க்குள்ள முடிச்சிரு" என்று அப்பா சொல்லிவிட்டார். (அவர் கணக்கில் ஒரு ரூபாய் என்றால் ஒரு லட்சம்.)

பார்த்த வண்டிகள்:

ஆல்டோ கே10 விஎக்ஸ்ஐ, 2012 மார்ச் பதிவு, டிஎன் 41, செகண்ட் ஓனர், மீட்டரில் 58 ஆயிரம். கன்சல்டிங்கில் (பழைய கார் விற்றுக் கொடுக்கும் கடை) நிற்கிறது. 1.85 லட்சம் சொல்கிறார்கள், பேசினால் குறையும் போல.

ஐ10 மேக்னா 1.1 பெட்ரோல், 2010, டிஎன் 37, ஒரே ஓனர். சுந்தராபுரத்தில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வைத்திருக்கிறார். 71 ஆயிரம் ஓடியிருக்கிறது. 1.60 கேட்கிறார், குறைக்க மாட்டாராம்.

செவ்ரோலெ பீட் டீசல், 2013, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஓடியது, 1.25. கூடப் படிக்கிற நண்பனின் மாமா வண்டி. மைலேஜ் 22க்குக் குறையாது என்கிறான்.

அப்பாவுக்கு மாருதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எனக்கு பீட் மேல் ஒரு கண், மைலேஜுக்காக. என்ன சொல்கிறீர்கள்?

பழைய_ஸ்பானர்

தம்பி, கோயம்புத்தூரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். உன் வயதுப் பையன்கள் வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருவார்கள். மூன்றில் எந்த மாடல் நல்லது என்று நீ கேட்கிறாய். இந்த விலையில் மாடலைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது. யார் ஓட்டினார்கள், பேப்பர் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

பீட்டை முதலில் ஒதுக்கிவிடு. வண்டியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கம்பெனி 2017 கடைசியிலேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. பம்பர், லைட், சென்சார் என்று ஏதாவது போனால் பழைய வண்டியிலிருந்து கழற்றியதைத் தேடித்தான் உக்கடம் பக்கம் அலைய வேண்டும். டீசலில் டர்போ, இன்ஜெக்டர் இரண்டில் ஒன்று மக்கர் செய்தாலும் நீ மைலேஜில் மிச்சம் பிடித்த பணம் ஒரே பில்லில் போய்விடும். லட்சத்துக்கு மேல் ஓடிய டீசலை 1.25க்குக் கொடுக்கும் மாமா, மருமகன் நண்பனுக்குச் சலுகை தருகிறார் என்று நினைக்காதே.

கே10: நல்ல இன்ஜின். 998 சிசி, டைமிங்குக்கு, அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட, செயின்தான், பெல்ட் மாற்றும் வேலை கிடையாது. பாகங்கள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு இரண்டு சந்தேகம். 2012 மார்ச் என்றால் ஆர்சி (பதிவுச் சான்று) 2027 மார்ச்சோடு முடியும். நீ படிப்பை முடிப்பதற்குள் எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டிப் புதுப்பிக்க வேண்டிவரும். புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய், 2022 ஏப்ரலில் இருந்து. அதற்கு மேல் பசுமை வரி. எஃப்சிக்குக் கொண்டுபோகும் முன் துரு, லைட், டயர், புகை எல்லாம் சரி செய்கிற செலவு தனி. ஒரு வருடத்துக்குள் வரப்போகிற செலவை இன்றைக்கே விலையில் கழித்துப் பேச வேண்டும், கன்சல்டிங்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

இரண்டாவது அந்த 58 ஆயிரம். பதினான்கு வருட வண்டி, இரண்டு ஓனர் பார்த்தது, கன்சல்டிங்கில் நிற்கிறது, மீட்டர் 58 காட்டுகிறது. இருக்கலாம். மீட்டரைத் திருப்பியும் இருக்கலாம். மீட்டரை விட்டுவிட்டு பெடலைப் பார். பிரேக் பெடல், கிளட்ச் பெடல் மேல் இருக்கும் ரப்பரில் வரிகள் இருக்கும். வலது ஓரத்தில் வரி அழிந்து வழவழவென்று இருந்தால் அது 58 ஆயிரத்தில் ஆகிற தேய்மானம் இல்லை. ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதைவிடச் சந்தேகம். ஸ்டியரிங்கில் கை வைக்கும் இடம், கியர் நாப், டிரைவர் சீட்டில் ஏறும் பக்க ஓரம், இவையும் மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா பார். வண்டி எண்ணோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போ. ஓனர் கூட இருந்தால் பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று அதில் இருக்கும்.

ஐ10: வாத்தியார் வண்டி என்பதே பாதி நல்ல செய்தி. ஆனால் 2010 வண்டிக்குப் பதினைந்து வருடம் தாண்டிவிட்டதே, ஆர்சியைப் புதுப்பித்தாரா? அதைச் சொல்லாமல் விட்டாய். முதலில் அதைக் கேள். அப்புறம் அந்த 1.1 இன்ஜினுக்கு டைமிங் பெல்ட். அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் வேண்டும். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் இன்ஜின் ஹெட்டைக் கழற்றுகிற அளவுக்கு வேலை வரலாம்.

எந்த வண்டியானாலும் காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன்னால் போய்ப் பார். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடு. பானெட்டைத் தொட்டாலே தெரியும்.

கணக்கு_புள்ளி

யாரும் பெட்ரோல் பற்றிப் பேசவில்லையே! ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 24 நாள் என்றால் 1,440. நெடுஞ்சாலை பாதி, ஊருக்குள் பாதி, ஏசி கொஞ்சம் போட்டால் லிட்டருக்கு 17 என்று வையுங்கள். 85 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றாலே மாதம் 8,500. ஒரு வருடம் ஓட்டினால் காரின் விலையில் பாதிக்கு மேல் டேங்க்கில் ஊற்றியிருப்பீர்கள். அப்பா இரண்டு லட்சம் கொடுப்பார் சரி, இதை யார் கொடுப்பது? வழியில் ஏறுகிற நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துப் பெட்ரோலைப் பங்கு போடுங்கள். இல்லாவிட்டால் லேப் இல்லாத நாட்களில் பஸ்ஸில் போங்கள். பொள்ளாச்சி ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமா?

இன்னொன்று. உங்கள் கல்லூரி மாணவர்கள் காரை உள்ளே விடுமா? நிறைய இடத்தில் பைக்குக்கு மட்டும்தான் ஸ்டாண்ட். வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் நாள் முழுக்க வெயிலில் நிறுத்த வேண்டுமென்றால் அதையும் இப்போதே விசாரித்துவிடுங்கள். கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறதா, இல்லை கியர் பைக் லைசென்ஸ் மட்டுமா?

ஏர்பேக்_கட்சி

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் மூன்றையும் வேண்டாம் என்பேன். தங்கையின் பாதுகாப்புக்காகத்தானே கார்? 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு இந்தியச் சின்னக் கார்களை மோதிப் பார்த்தபோது ஆல்டோ 800, ஐ10 எல்லாமே பூஜ்ய ஸ்டார் வாங்கின. புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) 2019 ஏப்ரலில்தான் கட்டாயமானது, டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில். அதற்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள். இன்னும் ஒரு வருடம் பணம் சேர்த்து மூன்றரை லட்சத்துக்கு வாங்கலாம்.

பழைய_ஸ்பானர்

நீங்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் அந்தப் பெண் இருட்டில் பைக் பின்னால்தான் உட்கார்ந்து வரும். ஏர்பேக் இல்லாத ஐ10ஐயும் ஸ்ப்ளெண்டரையும் வைத்துப் பார்த்தால் நான் ஐ10ல்தான் என் பெண்ணை ஏற்றுவேன். எண்பதைத் தாண்டாமல், பின்சீட்டிலும் பெல்ட் போட்டு ஓட்டினால் போதும். மிச்சப் பணத்தில் நல்ல டயரும் பிரேக் வேலையும் செய்யச் சொல்வேன். மழையில் பழைய டயரோடு போகிற ஏர்பேக் வண்டியை நிறைய பார்த்தாயிற்று.

பாலிசி_அக்கா

இன்ஷூரன்ஸ் வேலை பார்க்கிறேன், என் பக்கத்தைச் சொல்கிறேன். தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற பாதிப்புக்கான) பிரீமியம் சிசியைப் பொறுத்தது. 2022 ஜூனில் வந்த பட்டியல்படி 1000 சிசிக்குள் 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 வரை 3,416, வரி தனி. கே10 முதல் வகை, ஐ10 1.1 இரண்டாவது வகை. பெரிய வித்தியாசமில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய விஷயம் பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நினைத்து அப்படியே ஓட்டுகிறவர்கள் ஏராளம். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் வண்டிச் சேதத்துக்குக் கிளைம் கேட்கும்போது நிற்க இடமிருக்காது. விற்றவருக்கும் இது தலைவலி: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வாத்தியாரிடம் இதைச் சொல்லுங்கள், அவரே உங்களை ஆர்டிஓ ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போவார்.

"நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் இருக்கு, அதுவும் சேர்த்துத்தான் விலை" என்று கன்சல்டிங்கில் சொன்னால் நம்பாதீர்கள். அது கிளைம் கேட்காத ஓனருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, ஓனரோடு போவது, வண்டியோடு வராது. ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு நிற்கிறதா, இ-சலான் பாக்கி இருக்கிறதா என்பதை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கடன் அடைத்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து அந்தப் பதிவை நீக்காமல் விட்டிருப்பார்கள்.

பொள்ளாச்சி_இசிஇ

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு இரண்டு வண்டியையும் போய்ப் பார்த்தோம். லைசென்ஸ் இருக்கிறது, போன லீவில் எடுத்தது. கல்லூரியில் கேட்டேன், ஹெச்ஓடி கையெழுத்தோடு கடிதம் கொடுத்தால் பின் கேட் பக்கம் நிறுத்தலாமாம்.

கே10: ஸ்பானர் அண்ணன் சொன்னபடி பெடலைக் குனிந்து பார்த்தேன். ரப்பர் புதிது. கன்சல்டிங்காரர் "கஸ்டமருக்காக மாத்தினோம்" என்றார். கண்ணாடி ஓரத்து முத்திரையையும் பார்த்தேன், எங்கேயோ படித்திருந்தேன். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே வருட எண், வலது பின்கதவில் மட்டும் வேறு. அந்தக் கதவின் கீல் போல்ட்டில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டதும் ஓனர் துபாயில் இருக்கிறார் என்றார்.

ஐ10: வாத்தியார் ஆர்சியைப் புதுப்பித்திருக்கிறார், 2030 வரை இருக்கிறது. ஒரு ஃபைல் எடுத்துக் கொடுத்தார், முதல் சர்வீஸ் பில்லில் இருந்து எல்லாம் தேதிவாரியாக. டைமிங் பெல்ட் 62 ஆயிரத்தில் மாற்றிய பில்லும் இருந்தது. ஏசி நன்றாகக் குளிர்கிறது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் இடதில் "டொக் டொக்" சத்தம். கிளட்ச் ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கிறது. டயர் நான்கிலும் கோடு நிறைய இருக்கிறது. விலை 1.60தான், ஒரு ரூபாய்கூட இறங்க மாட்டேன் என்கிறார். அப்பா "மாருதி இல்லையே" என்று முணுமுணுக்கிறார், ஆனால் அந்த ஃபைலைப் பார்த்ததில் கொஞ்சம் இளகிவிட்டார்.

பழைய_ஸ்பானர்

கே10ஐ மறந்துவிடு. கதவு மாற்றியது குற்றமில்லை, யாரோ இடித்திருப்பார்கள். கேட்டதற்குப் பதில் இல்லாததுதான் குற்றம்.

ஐ10ல் அந்த "டொக் டொக்" சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்டெபிலைசர் லிங்க்காக இருக்கும், பெரிய வேலை இல்லை. கிளட்ச் மேலே பிடிக்கிறதென்றால் பிளேட் முடியும் நிலை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்று, தனித்தனியாகச் செய்தால் லேபர் இரண்டு முறை. டயரில் கோடு இருப்பதை நம்பாதே. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 1218 என்று இருந்தால் 2018ன் பன்னிரண்டாவது வாரம். ஏழெட்டு வருடமான டயர் ரப்பர் கல்லாகியிருக்கும், கோடு இருந்தும் பிடிக்காது. ஸ்டெப்னியையும் பார்.

இன்னொன்று, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். அடிப்பகுதியில் சேறு படிந்த கறை இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. வாத்தியார் வண்டியில் இருக்காது, இருந்தாலும் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

விலையில் 1.60க்கே வாங்கு. குறைக்காத மனுஷன், மறைக்கவும் மாட்டார். கிளட்ச், புஷ், ஆயில், கூலன்ட், டயர் என்று முப்பதாயிரம் ஒதுக்கி வை. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்தாலும் அப்பா சொன்ன ரெண்டு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வாங்குவதற்கு முன் ஒரு தடவை உனக்குத் தெரிந்த பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றி அடியில் துரு, ஆயில் கசிவு பார்த்துவிடு. வாத்தியார் மறுக்க மாட்டார்.

பொள்ளாச்சி_இசிஇ

டயர் எண் பார்த்தேன் அண்ணா: முன்னால் இரண்டும் 2021, பின்னால் இரண்டும் 2016. புதன்கிழமை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க வாத்தியார் சம்மதித்துவிட்டார், கூடவே வருவாராம். புதுசாக இரண்டு டயர் போட்டால் முன்னாலா, பின்னாலா?

பழைய_ஸ்பானர்

பின்னால் போடு. முன்வீல் டிரைவ் வண்டியில் முன்னால் போடச் சொல்வார்கள், கேட்காதே. மழையில் பின்பக்கம் வழுக்கினால் உன் வயசுக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது.