பிஷ்போர்ன் அரண்மனைத் தோட்டம்: மண்ணில் தெரிந்த வேலித் தடம்

மண்கரண்டி:
தென் இங்கிலாந்தில் உள்ள ரோமானிய அரண்மனையான பிஷ்போர்ன் என்றாலே டால்பின் மேல் சிறகுள்ள சிறுவன் அமர்ந்திருக்கும் மொசைக்கைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மனதை விட்டு அகலாதது முற்றத்துத் தோட்டத்தின் அந்த அரைவட்டம்தான். மேல்மண்ணை எடுத்துவிட்டு, கரண்டி விளிம்பால் ஒரே திசையில் சுரண்டியபடி பின்வாங்கினால் களிமண்ணுக்கும் சரளைக்கும் நடுவே கருத்த பட்டை ஒன்று ஓடும். நேராகப் போய்க்கொண்டிருப்பது சட்டென்று வளைந்து அரைவட்டம் போடும், மறுபடி நேராகும், அடுத்து மாடக்குழி மாதிரி சதுரமாக மடங்கும். சுமார் 12 மீட்டர் அகல நடுப்பாதையின் ஓரம் முழுக்க இதே மாறிமாறி வரும் வரிசை. கி.பி. 75-80 வாக்கில் நட்ட பாக்ஸ் (வெட்டி வடிவமாக்கும் பசுமைமாறாப் புதர்ச்செடி) வேலியின் பாத்தி அது!

கட்டடத்துக்காக நிலத்தை மட்டப்படுத்தியதில் நல்ல மண் போய்விட்டது. அதனால் செடி வைக்கும் இடத்தில் மட்டும் வாய்க்கால் போல வெட்டி, சுண்ணாம்புச் சத்துள்ள வளமண்ணை நிரப்பினார்கள். மண் மோசமாக இருந்ததால்தான் தோட்டத்தின் வரைபடமே பிழைத்தது. முழுக்க நல்ல தோட்டமண்ணாக இருந்திருந்தால் ஒரு கோடுகூடத் தெரிந்திருக்காது.

வெயிலில் காய்ந்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். கைத்தெளிப்பானால் பனிபோல நீர் அடித்துவிட்டுக் காத்திருங்கள். சரளை முதலில் காயும், பாத்தி மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கருப்பாக நிற்கும். படம் எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

வேர்க்குழி:
எல்லாம் சரி, "பாக்ஸ் வேலி" என்று முடிவாகச் சொல்வதை ஏற்க மாட்டேன். பாத்தி, வேலியின் வடிவத்தைத்தான் சொல்லும், செடியின் பெயரைச் சொல்லாது. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி தன் தோட்டத்து பாக்ஸ் செடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார், இங்கிலாந்தின் இன்னொரு ரோமானிய ஊரான சில்செஸ்டரில் பாக்ஸ் இலைகளே கிடைத்தன. அதனால் பொருத்தமான ஊகம், அவ்வளவே. இன்று அங்கே நட்டிருக்கும் பாக்ஸைப் பார்த்துவிட்டு அதையே சான்றாகக் காட்டக் கூடாது.

செடி எது என்று நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலைப் பக்கம் போக வேண்டும். கி.பி. 79-இல் எரிமலைக் கற்கள் மூடிய பிறகு வேர் மக்கி, வெற்றிடம் மிஞ்சியது. அங்கே தோட்டங்களை ஆராய்ந்த தொல்லியலாளர் ஜாஷெம்ஸ்கி செய்த முறை: குழிக்குள் சரிந்த பொடிக்கற்களை நீண்ட கரண்டியால் அள்ளி, கம்பி செருகி, சிமென்ட் ஊற்றி, குறைந்தது மூன்று நாள் விட்டு, சுற்றி மண்ணை எடுப்பது. வேரின் உருவமே கையில் நிற்கும். பொடிக்கல்லை அடிவரை எடுக்காவிட்டால் சிமென்ட் பாதியில் நின்று மொட்டை வேர்தான் வரும்.

சல்லடை:
வேர்க்குழி சொல்வது நியாயம். ஆனால் பிஷ்போர்னில் எரிமலைக் கல் ஏது? அங்கே இருப்பது பாத்தி மண் மட்டும், அதைப் பேச வைக்க மாதிரி எடுக்கத் தெரிய வேண்டும். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

பாத்தியை முழுவதும் தோண்டாதீர்கள். குறுக்கே வெட்டிப் பாதியை மட்டும் எடுங்கள். வெட்டுமுகத்தை வரைந்து, படமெடுத்து, மறு பாதியை அடுத்த தலைமுறைக்கு விடுங்கள். ஒரே அடுக்கிலிருந்து 40 லிட்டர் மண், அவ்வளவு இல்லையென்றால் இருப்பது முழுவதும். அடுக்கு மாறும்போது கரண்டியைக் கழுவுங்கள். எண் எழுதிய சீட்டு பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. வெளிச்சீட்டு மட்டும் இருந்து மழையில் அழிந்தால் அந்த மண் வெறும் மண்.

மிதப்புத் தொட்டியில் (மண்ணை நீரில் கலக்கி விதை, கரி போன்ற லேசானவற்றை மிதக்கவிடும் தொட்டி) மேலே வருவதை 250 அல்லது 300 மைக்ரான் சல்லடையில் பிடியுங்கள். நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் கரித்துண்டு வெடித்து நொறுங்கும். கரியாகாத விதை கிடைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். நீர் வடியும் மண்ணில் அது மண்புழுவோ இன்றைய வேரோ இறக்கியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நத்தை ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அங்கே புல் இருந்ததா, நிழல் இருந்ததா என்று அதுதான் சொல்லும்.

நீர்க்குழாய்:
வேலியைச் சுற்றியே பேசுகிறீர்கள், பக்கத்தில் ஓடிய சுடுமண் குழாயை யாரும் சொல்லவில்லையே! நீரூற்றுத் தொட்டிகளுக்கு நீர் கொண்டுபோனது அது. குழாயைக் கண்டால் உடனே தூக்காதீர்கள். ஒவ்வொரு மூட்டின் அடிமட்டத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். குறுகிய முனை எந்தப் பக்கம் செருகியிருக்கிறது என்பதையும் குறியுங்கள், பொதுவாக நீர் போகும் திசையை அது காட்டும். மட்டத்தின் சரிவும் முனையின் திசையும் ஒத்துப்போகாவிட்டால் நிலம் அமுங்கியிருக்கலாம், அல்லது அந்த இடத்தில் பின்னாளில் யாரோ குழாயை மாற்றிப் போட்டிருக்கலாம். குழாய்க்குள் படிந்த வண்டலைத் தனிப் பையில் போடுங்கள், பாத்தி மண்ணோடு கலக்காதீர்கள்.