செல்லம்மாள் இல்லம் குடும்பக் குழு: நிலாவுக்கு ஒரு லேப்டாப்

2025 டிசம்பர் 20, சனி

நிலா (காலை 9:14): அனைவருக்கும் வணக்கம். ஜனவரியில் இரண்டாம் பருவம் தொடங்குகிறது. முதல் பருவம் முழுவதும் ஆய்வகக் கணினியையும் அறைத்தோழியின் லேப்டாப்பையும் நம்பி ஓட்டிவிட்டேன். இனி முடியாது. அப்பா 65,000 வரை என்று சொல்லியிருக்கிறார். எதை வாங்கலாம்?

அப்பா: 65,000 என்பது மேல் எல்லை. அதைத் தொட்டே தீர வேண்டும் என்று யாரும் வேண்டுதல் வைக்கவில்லை.

நிலா: சரி அப்பா. வேலை இதுதான்: மின்னணுவியல் பாடத்துக்கான ஆர்டுயினோ, எல்டிஸ்பைஸ், மேட்லேப் மென்பொருள்கள், ஆய்வக அறிக்கைகள், எண்ணற்ற பிடிஎஃப். அவ்வப்போது வாலரண்ட், ஜிடிஏ 5 ஆட்டங்கள்.

அம்மா: அந்த "அவ்வப்போது" நாளுக்கு எத்தனை மணி நேரம்?

நிலா: வார இறுதியில் மட்டும் அம்மா.

கதிர்: அம்மா, அக்கா சொல்வதை நான் நம்பவில்லை.

சேகர் மாமா: நேற்றே கடையில் விசாரித்துவிட்டேன். 15.6 அங்குலத் திரை, ஐ5-12450எச் செயலி, ஆர்டிஎக்ஸ் 2050 தனி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் நினைவகம். 61,000 ரூபாய். நான்கு வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். வாங்கினால் அதை வாங்கு, இல்லாவிட்டால் சும்மா இரு.

கவிதா அக்கா: எடை எவ்வளவு மாமா?

சேகர் மாமா: எடையா? படிக்கிற பிள்ளை ஒரு லேப்டாப்பைத் தூக்க மாட்டாளா?

கவிதா அக்கா: நான் மூன்றாவது வருடமாகத் தூக்குகிறேன் மாமா. என்னுடையதும் அதே வகைதான். லேப்டாப் மட்டும் 2.3 கிலோ, சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல். சார்ஜரை விட்டுவிட்டுப் போனால் மதியத்துக்குள் அணைந்துவிடும். வகுப்பறையில் மின்விசிறிச் சத்தம் கேட்டு ஆசிரியர் திரும்பிப் பார்ப்பார். இப்போது அது விடுதி மேசையை விட்டு நகர்வதே இல்லை. வகுப்புக்குக் கைபேசியை மட்டும் எடுத்துப் போகிறேன்.

சேகர் மாமா: அது நீ வாங்கிய ரகம் சரியில்லை.

கவிதா அக்கா: ரகம் நல்ல ரகம்தான். மேசையில் வைத்து விளையாட இன்றைக்கும் அருமையாக இருக்கிறது.

பாட்டி: (படம் விடுபட்டுள்ளது)

அம்மா: காலை வணக்கம் அத்தை.

பெரியப்பா: அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினியோ லேப்டாப்போ தருவதாக இந்த வருட பட்ஜெட்டிலேயே அறிவித்ததே. காத்திருந்தால் என்ன? 2011 இலவச லேப்டாப் திட்டத்தில் நம் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அதை வைத்துப் படித்தவர்கள்தான் இன்று வேலையில் இருக்கிறார்கள்.

முரளி சித்தப்பா: அண்ணா, வந்தால் நல்லதுதான். வீட்டில் கதிரும் இருக்கிறான், யாருக்காவது பயன்படும். ஆனால் ஜனவரியில் ஆய்வகம் தொடங்கும்போது இவள் கையில் ஒன்று இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள். சில மாதங்களாக ரேம் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. அது லேப்டாப் விலையில் முழுதாக விழுவதற்குள் வாங்குவது உத்தமம்.

அம்மா: வீட்டில் இருக்கும் பழையதைச் சரிசெய்ய முடியாதா?

முரளி சித்தப்பா: அண்ணி, அது 2014-இல் வாங்கியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. கதிர் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளட்டும்.

ஷார்ஜா அத்தை: நிலாக் கண்ணு, நான் பிப்ரவரியில் வருகிறேன். மேக்புக் ஏர் வாங்கி வரட்டுமா? ஒரு லேப்டாப்புக்குச் சுங்க வரி கிடையாது. ஒன்றேகால் கிலோதான், நாள் முழுக்க பேட்டரி நிற்கும். மின்விசிறியே இல்லை.

நிலா: அத்தை!!!

முரளி சித்தப்பா: அக்கா, ஆசை காட்டாதீர்கள். அருமையான இயந்திரம், மறுக்கவில்லை. வணிகவியல், இலக்கியம் படிக்கிற பிள்ளை என்றால் நானே சரி என்று சொல்லியிருப்பேன். இவள் படிப்பது மின்னணுவியல். அடுத்த வருடம் கெய்ல், மல்டிசிம் என்று மென்பொருள்கள் வரும். கல்லூரிகளில் வழக்கமாகப் பயன்படுத்தும் அவற்றின் வடிவங்கள் விண்டோஸுக்கானவை. வாலரண்டும் மேக்கில் கிடையாது. வேறு வழியில் ஓட்டலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு அந்த வழியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஷார்ஜா அத்தை: சரி, பேரீச்சம்பழம் கொண்டு வருகிறேன்.

சேகர் மாமா: மாப்பிள்ளை, எல்லாவற்றையும் வேண்டாம் என்றால் எதைத்தான் வாங்குவது?

முரளி சித்தப்பா (காலை 10:02): சொல்கிறேன் மச்சான். 14 அங்குலம், ஒன்றரைக் கிலோவுக்குள். 65 வாட் டைப்-சி சார்ஜர், அதாவது கைபேசி சார்ஜரைவிடச் சற்றுப் பெரியது. கைபேசிக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம். விடுதியில் கட்டிலுக்கு ஒரு பிளக்தான் என்று இவளே புலம்பியிருக்கிறாள். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம். தனி கிராபிக்ஸ் வேண்டாம்.

கதிர்: தனி கிராபிக்ஸ் இல்லாமல் ஜிடிஏ எப்படி ஓடும் சித்தப்பா?

முரளி சித்தப்பா: கடைக்காரர்கள் சொல்லாத இடம் இதுதான், கவனமாகப் படி. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸ் பகுதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கென்று சொந்த நினைவகம் இல்லை, ரேமில் இருந்துதான் பங்கு எடுத்துக்கொள்ளும். ரேம் ஒற்றைப் பலகையாக இருந்தால் அதற்குப் பாதை ஒன்று, இரண்டாக இருந்தால் பாதை இரண்டு. செயலிக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆட்டம் தொடங்கியதும் பளிச்சென்று தெரியும். செயலி ஒன்றுதான். ஒற்றை 8 ஜிபி போட்டது திணறும், இரட்டை 8 ஜிபி போட்டது ஓடும்.

கதிர்: கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முரளி சித்தப்பா: இன்டெல் நமக்காகவே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. ஐ5-1335யூ போன்ற செயலிகளில் கிராபிக்ஸின் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ. ஆனால் ரேம் ஒற்றைப் பாதையில் இருந்தால் விண்டோஸ் அதையே யூஎச்டி என்றுதான் காட்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியூ, அதாவது கிராபிக்ஸ் பகுதியைப் பார். பெட்டியில் ஐரிஸ் என்று ஒட்டியிருந்தாலும் திரையில் யூஎச்டி என்று வந்தால், உள்ளே ஒரு பலகைதான் இருக்கிறது. பக்கத்திலேயே நினைவகப் பகுதியில் ரேம் பொருத்தும் ஸ்லாட் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்றும் காட்டும். இரண்டு நிமிட வேலை. மச்சான் சொன்ன 12450எச் செயலிக்கு எத்தனை பலகை போட்டாலும் யூஎச்டிதான், அதன் உள் கிராபிக்ஸே சிறியது.

சேகர் மாமா: அதனால்தானே அதோடு ஆர்டிஎக்ஸ் வருகிறது!

முரளி சித்தப்பா: உண்மை. விளையாட்டு மட்டும்தான் நோக்கம் என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இவளுக்கு வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, ஒரு நாள் ஆட்டம். எடையைச் சுமப்பது ஐந்து நாளும்.

பாட்டி: 65 ஆயிரமா? அரைப் பவுனுக்கு மேல் ஆகிறதே. பவுன் நாளைக்கும் விலை போகும், இது போகுமா?

அப்பா: அம்மா, பவுனில் மேட்லேப் ஓடாது.

பாட்டி: எனக்கும் தெரியும்.

நிலா: சித்தப்பா, இணையத்தில் ரைசன் 5 7520யூ செயலி உள்ள லேப்டாப் ஒன்று 43,000-க்குக் கிடைக்கிறது. 14 அங்குலம், எடையும் குறைவு. 7000 வரிசை என்றால் புதியதுதானே?

முரளி சித்தப்பா: வாங்கிவிடாதே. ரைசன் செயலிகளைச் செய்யும் ஏஎம்டியின் அந்த வரிசையில் முதல் இலக்கம் எந்த ஆண்டுப் பட்டியல் என்று மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் அது 2, அதாவது ஜென் 2. 2019-இல் வந்த வடிவமைப்பு, நான்கு கோர் (செயலிக்குள் கணக்கிடும் அலகு), கிராபிக்ஸும் மிகச் சிறியது. 7530 என்றால் ஜென் 3. 7640 என்றால் ஜென் 4. பக்கத்துப் பக்கத்து எண்கள், உள்ளே பல வருட இடைவெளி. போதாக்குறைக்கு 7520-இல் ரேம் தாய்ப்பலகையோடு ஒட்டியே வரும், பின்னால் கூட்ட முடியாது. வேர்டும் பிடிஎஃபும் மட்டும் என்றால் அந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம்.

அப்பா: இப்படி எண் போட்டுக் குழப்புவது யாருடைய நன்மைக்கு?

முரளி சித்தப்பா: நம் நன்மைக்கு இல்லை அண்ணா.

கவிதா அக்கா: நிலா, திரையையும் பார். மலிவான லேப்டாப்களில் வெளிச்சம் 250 நிட்ஸ், நிறம் 45 சதவீத என்டிஎஸ்சி என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். சன்னலோரம் உட்கார்ந்தால் உன் முகம்தான் தெரியும். 300 நிட்ஸாவது, நிறம் முழு எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் எடு.

முரளி சித்தப்பா: சரியாகச் சொன்னாய் கவிதா. பேட்டரிக்கு "12 மணி நேரம்" என்று ஒட்டியிருப்பதைப் பார்க்காதே நிலா. அதன் கொள்ளளவு எத்தனை வாட்-மணி என்று கேள். 56 வாட்-மணி இருந்து, எழுதும்போதும் படிக்கும்போதும் சராசரியாக 8 வாட் செலவானால் 7 மணி நேரம். 42 என்றால் ஐந்தேகால். மின்னணுவியல் மாணவிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நிலா: தேவையில்லை சித்தப்பா. விளையாடினால்?

முரளி சித்தப்பா: எந்த லேப்டாப்பாக இருந்தாலும் சார்ஜரில் போட்டு விளையாடு. பேட்டரியில் ஆடினால் வேகமும் குறையும், பேட்டரியும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

சேகர் மாமா: கடைசியாக ஒன்று கேட்கிறேன். புதிதாக வரும் பெரிய ஆட்டங்கள் இதில் ஓடுமா, ஓடாதா?

முரளி சித்தப்பா: பெரும்பாலும் ஓடாது, ஓடினாலும் கண்ணுக்கு இதமாக இருக்காது. வாலரண்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 தரத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் நன்றாக ஓடும். இவள் கேட்ட பட்டியலே அவ்வளவுதான் மச்சான்.

சேகர் மாமா: பட்டியல் நீளும். பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அம்மா: நீளக் கூடாது அண்ணா. அதற்கும் சேர்த்துத்தான் இதை வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

நிலா: அம்மா!

(மாலை 5:31)

கதிர்: கடைக்கு வந்துவிட்டோம். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். மாமாவும் வந்திருக்கிறார்.

கதிர்: (படம் விடுபட்டுள்ளது)

கதிர்: சித்தப்பா, முதலில் காட்டியது ஐ5-1335யூ. பெட்டியில் ஐரிஸ் என்று இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் யூஎச்டி. ஸ்லாட் 2-இல் 1 பயன்பாட்டில். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

முரளி சித்தப்பா: சபாஷ். காலி ஸ்லாட் இருப்பதால் அது மோசமில்லை. இன்னொரு 8 ஜிபி போட்டுத் தந்தால் மொத்தம் எவ்வளவு என்று கேள்.

அப்பா: கேட்டேன். ரேம் விலையைச் சொன்னார். நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

முரளி சித்தப்பா: ஏறிவிட்டது என்று சொன்னேன் அல்லவா.

நிலா: இன்னொன்று காட்டுகிறார்கள். 14 அங்குலம், ரைசன் 5 8645எச்எஸ், 16 ஜிபி, 512 ஜிபி, 1.4 கிலோ. ரேம் ஒட்டியே வருகிறதாம். 62,900.

முரளி சித்தப்பா: 8645 என்றால் ஜென் 4, ஆறு கோர், ரேடியான் 760எம் கிராபிக்ஸ். நமக்கு வேண்டியது இதுதான். ஒட்டிய ரேம் பெரும்பாலும் இரட்டைப் பாதையில்தான் இருக்கும் என்றாலும் பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். 16 இருப்பதால் நான்கு வருடத்துக்குச் சமாளிக்கலாம். இதுவே 8 ஜிபி ஒட்டியது என்றால் வெளியே வந்துவிடு என்று சொல்லியிருப்பேன். எஸ்எஸ்டியை மாற்ற முடியுமா?

நிலா: முடியும் என்கிறார். திரை 300 நிட்ஸ், எஸ்ஆர்ஜிபி 100. பேட்டரி 56 வாட்-மணி. சார்ஜர் டைப்-சி, 65 வாட்.

கவிதா அக்கா: விசைப்பலகையில் ஒரு பத்தி தட்டிப் பார். நான்கு வருடம் அதில்தான் விரல் இருக்கும். விசைக்கு அடியில் வெளிச்சம் வருகிறதா என்றும் பார். அறைத்தோழி தூங்கிய பிறகு விளக்குப் போட முடியாது.

நிலா: வருகிறது அக்கா. தட்டியும் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

சேகர் மாமா: கையில் தூக்கிப் பார்த்தேன். இலேசாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்டிஎக்ஸ் ஸ்டிக்கர் இல்லாமல் மொட்டையாக இருக்கிறது.

கவிதா அக்கா: என்னுடையதில் இருந்து உரித்துத் தருகிறேன் மாமா.

முரளி சித்தப்பா: அண்ணா, பில் நிலா பெயரில் இருக்கட்டும். வரிசை எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விபத்துச் சேதத்துக்கான கூடுதல் உத்தரவாதம் என்ன விலை என்று கேளுங்கள். விடுதி, தண்ணீர் பாட்டில், ஒரே பை. அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. மூன்றாயிரம் ரூபாய்க்கு வைரஸ் தடுப்பு மென்பொருள் என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், விண்டோஸிலேயே இருக்கிறது. ஆபீஸ் மென்பொருள் உடன் வருகிறதா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள்.

அப்பா: ஆபீஸ் உடன் வருகிறது. விபத்து உத்தரவாதம் எடுத்துவிட்டேன். வைரஸ் தடுப்பை நீட்டினார், நிலாவே மறுத்துவிட்டாள். மொத்தம் 64,800.

பாட்டி: எல்லையைத் தொட்டுவிட்டாயே.

அப்பா: இருநூறு ரூபாய் மிச்சம் அம்மா.

கதிர்: அப்பா, அந்த இருநூறுக்கு மவுஸ் வாங்கலாமா? டச்பேடில் வாலரண்ட் ஆட முடியாது.

அம்மா: யார் ஆடப்போகிறார்கள்? அக்காவா, நீயா?