சுங்கை சிப்புட்டிலிருந்து ரயிலில் கெல்லிஸ் காசல்: ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

கித்தாக்கொட்டை:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட்காரங்க. பள்ளி விடுமுறையில ஒரு சனிக்கிழமை பத்து காஜா பக்கம் இருக்கிற கெல்லிஸ் காசல் கோட்டைக்குப் போகலாம்னு இருக்கோம். மொத்தம் ஏழு பேர். பெரியவங்க நாலு, பிள்ளைகள் ரெண்டு, ஒருத்தனுக்குப் பத்து வயசு, இன்னொருத்திக்கு ஆறு. அப்புறம் எங்க அம்மா, 67 வயசு, முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு இ.டி.எஸ். மின்சார ரயில் ஏறணும்னு ஆசை, அதனால கார் எடுக்கல.

நேரா பத்து காஜா ஸ்டேஷன்ல இறங்கிடலாமா? அங்கிருந்து கோட்டைக்கு எப்படிப் போறது? அம்மாவால உள்ள ஏறிப் பார்க்க முடியுமா? பொழுது சாய்றதுக்குள்ள ஊர் திரும்பணும். தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

இருப்புப்பாதை:

தங்கச்சி, முடியும். ஆனா போற வண்டியைப் பார்த்து டிக்கெட் எடுத்துடாதீங்க. திரும்பி வர்ற வண்டியை முதல்ல பாருங்க. இந்தப் பாதையில ஆளுங்க மாட்டிக்கிறது அங்கதான்.

கே.எல்.லிலிருந்து (கோலாலம்பூர்) வடக்கே வர்ற இ.டி.எஸ். வண்டிகள்ல நிறைய ஈப்போவோட நின்னுடும். பட்டர்வொர்த், பாடாங் பெசார் போற வண்டிதான் சுங்கை சிப்புட் பக்கம் வரும். அதுலயும் எல்லா வண்டியும் நம்ம ஊர்ல நிக்காது. பத்து காஜாவும் அப்படித்தான், வேகமா போற வண்டிங்க அங்க நிக்காமலே போயிடும். ஆக, ரெண்டு ஊர்லயும் நிக்கிற வண்டி ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். சாயங்காலம் பத்து காஜாவுல "வடக்கே போற வண்டிதானே"ன்னு டிக்கெட் எடுத்தீங்கன்னா ஈப்போவுல இறக்கி விட்டுடும். ஊருக்கு இன்னும் 30 கிலோமீட்டர் போல பாக்கி இருக்கும், மடியில தூங்குற பிள்ளையோட.

அதனால இப்படிச் செய்யுங்க. ரயில் கம்பெனியோட கே.டி.எம்.பி. மொபைல் ஆப்ல நீங்க போற தேதியைப் போட்டு, முதல்ல பத்து காஜா - சுங்கை சிப்புட் தேடுங்க. வர்ற நேரமெல்லாம் ஒரு தாள்ல எழுதிக்குங்க. அப்புறம் சுங்கை சிப்புட் - பத்து காஜா தேடி, பக்கத்துலயே எழுதுங்க. இறங்குற நேரத்துக்கும் திரும்ப ஏறுற நேரத்துக்கும் நடுவுல அஞ்சுலேர்ந்து ஏழு மணி நேரம் இருக்கணும். கோட்டைக்கு ஒன்றரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, போகவர வண்டி தேட ஒரு மணி, கையிருப்பா ஒரு மணின்னு வைங்க. நாலு மணி நேரத்துக்குக் கீழ வந்தா அம்மாவை அவசரப்படுத்த வேண்டி வரும். எட்டைத் தாண்டினா பிள்ளைகள் சோர்ந்துடும். தோதா அமையலன்னா ரெண்டு தேடலையும் ஈப்போவுக்கு மாத்திப் பாருங்க, வண்டி கூடுதலா கிடைக்கும்.

டிக்கெட்டை ஒவ்வொருத்தர் பேர்லயும் ஐசி (அடையாள அட்டை) நம்பர் போட்டுத்தான் எடுக்கணும். பிள்ளைகளுக்கு மைகிட்ல உள்ள நம்பர். அம்மாவுக்கு மூத்தவர் கட்டணம் தேர்வு பண்ணுங்க, 60 வயசு தாண்டிய மலேசியர்களுக்குச் சலுகை உண்டு. ஆனா அன்னிக்கு மைகார்டு கையில இருக்கணும். பிள்ளைகளுக்கும் சிறுவர் கட்டணத்தைத் தேர்வு பண்ண மறந்துடாதீங்க. போறது, வர்றது ரெண்டையும் ஒரே உட்கார்வுல எடுத்து முடிச்சிடுங்க. பள்ளி விடுமுறைச் சனிக்கிழமைன்னா பினாங்குலேர்ந்து கே.எல். போறவங்களே வண்டியை நிரப்பிடுவாங்க. நமக்கு நாப்பது நிமிஷப் பயணம்தானேன்னு கடைசி வாரம் தேடினா ஏழு சீட் சேர்ந்தாப்ல கிடைக்காது.

அன்னிக்குக் காலையில அரை மணி நேரம் முன்னாடியே ஸ்டேஷன்ல இருங்க. எந்தப் பிளாட்பாரம்னு கேட்டுக்கிட்டு, எதிர்ப்பக்கம் போகணும்னா அம்மாவை லிஃப்ட்ல அனுப்புங்க. பெட்டிகள் ஏ-யிலிருந்து எஃப் வரைக்கும் ஆறு. உங்க பெட்டி எங்க நிக்கும்னு ஆளைக் கேட்டு அங்கேயே ஏழு பேரும் சேர்ந்து நில்லுங்க. சின்ன ஸ்டேஷன்ல வண்டி ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்காது, கதவும் தானா சாத்திக்கும். பாதிப் பேர் ஒரு மூலையிலயும் பாதிப் பேர் மறு மூலையிலயும் நின்னுட்டு ஓடுறது ஆபத்து. உள்ள ஏர்கான் நல்லாவே குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ எடுத்துக்குங்க.

கிந்தாவாசி:

இருப்புப்பாதை அண்ணே சொன்ன டிக்கெட் விவரம் அத்தனையும் சரி. ஆனா ஏழு பேர், அதுல முழங்கால் வலியோட ஒரு பெரியம்மான்னா, பத்து காஜாவுல இறங்காதீங்க, ஈப்போவுல இறங்குங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

கெல்லிஸ் காசல் பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போற ரோட்டோரமா இருக்கு. ஸ்டேஷன்லேர்ந்து நடக்கிற தூரம் இல்ல, பஸ்ஸை நம்பியும் திட்டம் போட முடியாது. போறதுக்கு கிராப் (ஆப்ல கூப்பிடுற வாடகைக் கார்) கிடைச்சிடும். திரும்புறதுக்குத்தான் கஷ்டம். கோட்டை வாசல்ல நின்னு ஆப்பைத் திறந்தா, டிரைவருங்க டவுன்லயோ ஈப்போவுலயோ இருப்பாங்க. ஒரு சவாரிக்காக அவ்வளவு தூரம் வர யோசிப்பாங்க, "தேடுகிறது"ன்னு சுத்திக்கிட்டே இருக்கும். சாதாரண கிராப்ல நாலு பேர்தான் ஏறலாம், உங்களுக்கு ரெண்டு கார் வேணும். ஒண்ணு வந்து இன்னொண்ணு வரலன்னா அங்கேயே குடும்பம் ரெண்டாப் பிரிஞ்சிடும். வண்டியைத் தவற விடுறவங்க இந்த எடத்துலதான் விடுறாங்க.

ஈப்போவுல இறங்கினா முன்கூட்டியே ஒரு வேன் பேசி வைக்கலாம். ஸ்டேஷன்லேர்ந்து கோட்டை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அரை மணி நேரத்துக்கு மேல வைங்க. பேசும்போதே தெளிவாப் பேசிடுங்க: எங்கெங்க நிக்கணும், ஒவ்வோர் இடத்துலயும் எவ்வளவு நேரம் காத்திருக்கணும், எத்தனை மணிக்கு மறுபடி ஸ்டேஷன்ல விடணும், காசு வேனுக்கா ஆளுக்கா. "சும்மா கொஞ்ச நேரம் வெயிட் பண்ணுங்க"ன்னு விட்டீங்கன்னா கடைசியில காசு விஷயத்துல மனஸ்தாபம்தான் மிச்சம்.

இன்னொரு லாபமும் இருக்கு. கைவசம் ஒரு மணி நேரம் மிஞ்சினா ஈப்போ ஸ்டேஷனே பார்க்க வேண்டிய கட்டடம். ஹப்பக்ங்கிற கட்டடக் கலைஞர் வரைஞ்சது, 1917-ல கட்டி முடிச்சது. எதிர்த்தாப்ல இருக்கிற தோட்டத்துல ஈப்போ மரம் நிக்குது, ஊருக்குப் பேரே அதுலேர்ந்து வந்தது. அந்தக் காலத்துல அம்பு நுனியில தடவுற விஷம் அந்த மரத்துப் பாலுதான்னு பையன்கிட்டச் சொல்லுங்க, அப்புறம் அதை விட்டு நகர மாட்டான். சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியா பக்கத்துலதான், வாழையிலைச் சாப்பாடு தாராளமா கிடைக்கும்.

இனி கோட்டை. காலையில திறந்த உடனே உள்ள நுழையுற மாதிரி வாங்க. கிந்தா பள்ளத்தாக்குல மத்தியானத்துக்கு மேல இடியும் மழையும் சாதாரணம். மொட்டை மாடியில அப்ப நிக்கவே கூடாது, தரையும் வழுக்கும்.

அம்மா விஷயம்: கீழ்த்தளம், முற்றம், வெளிப்புறம் இதெல்லாம் மெதுவா நடந்து பார்த்துடலாம். மேல போற படிகள் குறுகலா, செங்குத்தா இருக்கும். லிஃப்ட் கிடையாது. ஆறு மாடிக் கோபுரத்துல லிஃப்ட்டுக்குன்னு விட்ட சதுரக் குழி மட்டும் வெறுமையா இருக்கு. அது வந்திருந்தா மலாயாவிலேயே முதல் லிஃப்ட்னு சொல்லுவாங்க. அதனால பெரியவங்க நாலு பேர்ல ஒருத்தர் அம்மாவோட கீழ இருங்க, மத்த மூணு பேர் பிள்ளைகளோட மேல போங்க. அப்புறம் ஆள் மாத்திக்குங்க. மேல போனதும் ஆறு வயசுப் பிள்ளை கையை ஒருத்தர் விடவே கூடாது. விளிம்புச் சுவரை நம்பிப் பிள்ளையை விடுற இடம் இல்ல அது. ஜன்னல் திறப்புகள்லயும் உட்கார வைச்சுப் படம் எடுக்காதீங்க. சிலிப்பர் வேணாம், பிடிமானம் உள்ள சப்பாத்து. ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணி. சின்ன நோட்டா கொஞ்சம் காசு, நுழைவுச் சீட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும்.

பழைய கிராணி:

போக்குவரத்தை இரண்டு பேரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கோட்டையில் பேய் உண்டு என்று சொல்வார்கள், பிள்ளைகளுக்கு அந்தக் கதையை மட்டும் சொல்லித் திரும்பிவிடாதீர்கள். அந்த இடத்தில் நம் ஆட்களின் உழைப்பு இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கிறது.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்தார். காடு வெட்டும் குத்தகையில் சம்பாதித்து, பத்து காஜா வட்டாரத்தில் 1,000 ஏக்கர் வாங்கி ரப்பர் போட்டார். ஈயச் சுரங்கத் தொழிலிலும் இறங்கினார். தோட்டத்துக்குச் சொந்த ஊரான கெல்லாஸ் பெயரைச் சேர்த்து கிந்தா கெல்லாஸ் என்று வைத்தார். முதலில் ஒரு வீடு கட்டினார், பிறகு 1915-ல் இந்தப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். அதற்காக மதராஸிலிருந்து எழுபது கைத்தொழிலாளிகளை வரவழைத்தார். செங்கலும் பளிங்கும் இந்தியாவிலிருந்தே கப்பலில் வந்தன. 1926-ல் போர்த்துகல் போனவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார். வேலை அப்படியே நின்றுவிட்டது. மனைவி சொத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பினார்.

வேலை பாதியில் நின்றதால்தான் நமக்கு ஒரு லாபம். சாந்து பூசாத சுவருக்குப் பக்கத்தில் பையனை நிறுத்துங்கள். ஒரு செங்கலின் நடுவில் மேல் வரிசைச் செங்கல்களின் இணைப்பு வருகிற மாதிரி மாற்றி மாற்றி அடுக்கியிருப்பதை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளைவுக்கு மேலே செங்கல் விசிறி போலச் சாய்ந்து நிற்கும். ஒன்றை ஒன்று நெருக்கிப் பாரத்தைப் பக்கச் சுவருக்குத் தள்ளுவதால்தான் அது விழாமல் நிற்கிறது. பூச்சு முடிந்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

மாளிகை வேலை நடந்துகொண்டிருந்தபோது ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து தொழிலாளிகள் பலர் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் துரையிடம் போய் மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் சம்மதித்தார். அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது, கோட்டையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். கோயிலின் மேலே தெய்வச் சிலைகளோடு சிலையாக துரையையும் வைத்திருக்கிறார்கள். அது கீழே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும், அம்மா படி ஏற வேண்டியதில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் கோட்டையைப் படம் எடுத்துவிட்டுக் கோயிலைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள், அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வேன்காரரிடம் பேசும்போதே கோயிலையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு இன்னோர் இடமும் சொல்கிறேன். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மலாயாவின் அவசரகாலம் பிறந்தது அதிலிருந்து என்று உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த மூவரின் கல்லறையும் பத்து காஜாவில், 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்கிற கிறிஸ்துவ மயானத்தில் இருக்கிறது. பத்து வயதுப் பையனுக்குப் பாடப் புத்தகத்தில் படிக்கிற விஷயம் தன் ஊரிலிருந்து தொடங்கியது என்று காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. இருபது நிமிடம் போதும்.

கித்தாக்கொட்டை:

ரொம்ப நன்றிங்க. ஆப்ல தேடிப் பார்த்தேன். ஈப்போ வழியாத்தான் நேரம் தோதா வருது, கிந்தாவாசி அண்ணன் சொன்னபடி வேன் பேசிடறோம். ரெண்டு சந்தேகம். கோட்டை முதல்லயா, கோயில் முதல்லயா? அம்மா அர்ச்சனை பண்ணணும்னு சொல்றாங்க. அப்புறம், ஏதாவது ஆகித் திரும்பி வர்ற வண்டி போயிட்டா என்ன செய்யறது?

இருப்புப்பாதை:

வண்டி போயிட்டா பதறாதீங்க. முதல்ல ஆப்ல அன்னிக்கே அடுத்த வண்டியில இடம் இருக்கான்னு பாருங்க. ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் பக்கம் போறது, சுங்கை சிப்புட்ல நிக்கிறது, ரெண்டும் சரியா இருக்கணும். இல்லன்னா மேடான் கிட் பஸ் நிலையம் போய் கோலகங்சார் பஸ்ஸைக் கேளுங்க, நம்ம ஊர் வழியா போற பஸ். இருட்டிட்டா அதையும் நம்பாம ரெண்டு கிராப். வேன்காரர்கிட்ட ஸ்டேஷன்ல விடவேண்டிய நேரம்னு, வண்டி புறப்படுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி உள்ள நேரத்தைச் சொல்லுங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஈப்போவுக்குள்ள நெரிசல் இருக்கும்.

பழைய கிராணி:

கோயில் முதலில். தோட்டத்துக் கோயில்கள் பெரும்பாலும் உச்சிவேளைக்கு முன்பே நடை சாத்திவிடும். கோட்டையை முடித்துக்கொண்டு பன்னிரண்டரைக்குப் போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். ஈப்போவிலிருந்து நேராகக் கோயில், அடுத்து கோட்டை, அதன்பின் மயானம், கடைசியில் ஈப்போவில் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுவதற்குள் மாடியையும் பார்த்து இறங்கிவிடலாம். அர்ச்சனைக்குத் தேங்காய், பழம், வெற்றிலை, பூ, சூடம் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே சுங்கை சிப்புட்டில் வாங்கி வைத்துவிடுங்கள், கோயில் பக்கத்தில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பூவை ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போனால் இ.டி.எஸ். குளிரில் வாடாமல் வந்து சேரும்.