பேன்கேக் மேலே ஊற்றும் இனிப்புப் பாணியும் கோதுமைப் பயமும்: உங்களுக்கு என்ன நடந்தது?

அரிசிமா அம்மா:
மகளுக்கு சீலியாக் (கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) என்று தெரிந்து இரண்டு வருடம், அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் பழகியதுதான், விடுங்கள். பேன்கேக்குக்கு அரிசி மாவும் கொஞ்சம் மரவள்ளி மாவும் போட்டுச் சமாளிக்கிறோம். மேலே ஊற்றுவதில்தான் வினை. போன ஞாயிறு காலி வீதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மேப்பிள் இலை படம் போட்ட சிரப் போத்தல் ஒன்றை எடுத்துத் திருப்பினால், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிய இடத்தின் மேலேயே விலை ஸ்டிக்கர். நகத்தால் மெல்லச் சுரண்டினேன். "சோளச் சிரப், குளுக்கோஸ் சிரப்" வரைக்கும் தெரிந்தது, அதற்கடுத்த வரி ஸ்டிக்கரோடு சேர்ந்து கிழிந்து வந்துவிட்டது. பின்னால் நின்ற பையன் "அக்கா, அதைக் கழட்டக் கூடாது" என்கிறான், இந்தப் பக்கம் மகள் "அம்மா, இது நான் சாப்பிடலாமா?" என்கிறாள். அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கிழிந்த வரியில் என்ன இருந்ததோ, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது.

கித்துள் பைத்தியம்:
கொழும்பில் இருந்துகொண்டு எதற்கு அக்கா மேப்பிள்? கித்துள் பனையின் பூவைச் சீவி இறக்கிய சாற்றைக் காய்ச்சினால் கித்துள் பாணி, அதில் கோதுமைக்கு என்ன வேலை? ஆனால் எனக்கு அடி விழுந்ததும் கித்துள் பாணியில்தான். வெள்ளவத்தையில் மாமி வீடு. எனக்கென்று தனியாகக் குரக்கன் (கேழ்வரகு) மாவில் சுட்டு வைத்திருந்தார், தாச்சியை இரண்டு தரம் கழுவினாராம். பாணி ஒரு பழைய ஜாம் போத்தலில் இருந்தது. மூடியைத் திறக்கிறேன், மேலே வெள்ளையாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் மிதக்கின்றன. மச்சான்மார் தங்கள் கோதுமை மா பேன்கேக்கில் தடவிய கரண்டியையே திரும்பத் திரும்ப உள்ளே விட்டிருக்கிறார்கள். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். என்ன சொல்வது? ஊற்றிச் சாப்பிட்டேன். அடுத்த இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

லேபல் வாசகி:
தம்பி, பழி முழுவதையும் கரண்டி மேலே போடாதீர்கள். குரக்கனில் குளூட்டன் இல்லைதான், ஆனால் கோதுமை அரைத்த மில்லிலேயே அதையும் அரைத்திருந்தால்? என் கதை சின்னது. லண்டனில் இருந்து அக்கா "இயற்கையானது" என்று கொண்டுவந்த சிரப், மூன்று நாள் சாப்பிட்ட பிறகுதான் பார்த்தேன், பார்லி மோல்ட் (முளைகட்டிய பார்லி) சாறு. அதற்கப்புறம் படித்ததைச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை. சுத்தமான மேப்பிள் சிரப் மரத்துச் சாறுதான், ஒரு லீட்டருக்கு ஏறக்குறைய 40 லீட்டர் சாற்றைக் காய்ச்சுகிறார்கள், வேறொன்றும் சேர்ப்பதில்லை, அதுதான் அந்த விலை. பேன்கேக் சிரப் என்று விற்பது பெரும்பாலும் சோளச் சிரப்பும் நிறமும் வாசனையும். சோளத்தில் குளூட்டன் இல்லை. குளுக்கோஸ் சிரப்பைக் கோதுமையிலும் செய்வார்கள், ஆனால் புரதம் அநேகமாக முழுதும் போய்விடுவதால் ஐரோப்பாவில் அதற்கு ஒவ்வாமை அறிவிப்பிலிருந்தே விலக்கு உண்டு, அதனால் அரிசிமா அம்மா அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மோல்ட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். அமெரிக்காவின் 2004 சட்டப்படி கோதுமை இருந்தால் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும், பார்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அது சுவையூட்டி என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ளலாம். குளூட்டன் இல்லாதது என்றே அச்சடித்திருந்தால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவு என்று அர்த்தம், அப்படிப்பட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கித்துளில் கலப்படம் என்று சொல்வார்களே, அது அநேகமாகச் சீனி. சீனி நமக்கு எதிரி இல்லை.

கித்துள் பைத்தியம்:
மில் இல்லை அக்கா, மாமி வீட்டிலேயே கழுவிக் காயவைத்து அரைத்த குரக்கன். கரண்டிதான்.

மழைநாள்:
நீங்கள் இருவரும் முடியுங்கள், நான் ஒன்று சொல்கிறேன். ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாடு. குளூட்டன் இல்லாத சிரப் இருக்கிறதா என்று கேட்டேன். வெயிட்டர் மிக மரியாதையாக உள்ளே போய், சீனி இல்லாத சிரப் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, "மேடம், எவ்வளவு காலமாக நீரிழிவு?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர் தனக்கும் அது வேண்டும் என்றார்.

அரிசிமா அம்மா:
நேற்று திரும்பப் போனேன். நான் சுரண்டிய போத்தல் அதே இடத்தில், பாதிக் கிழிந்த ஸ்டிக்கரோடு. அதற்குப் பின்னால் இருந்ததில் ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியிருந்ததால் வரி முழுதாகத் தெரிந்தது: கேரமல் நிறம், உப்பு, மேப்பிள் வாசனை, கீழே சின்ன எழுத்தில் குளூட்டன் இல்லாதது. மோல்ட் இல்லை. வாங்கினேன். வீட்டில் மகள் ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "காய்ச்சலுக்குத் தரும் சிரப் மாதிரி இருக்கு, கித்துள் பாணியே தாங்க" என்றாள். போத்தல் பிரிட்ஜில் நிற்கிறது, தெஹிவளைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.